ஓர் அலையில் பல வலைகள்

கம்பியில்லாக் கணினி வலை கடல் சூழ்ந்த நிலத்தில் பிறந்தது பொருத்தமே. ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழக வளாகங்களை நார்மன் ஆப்ரம்சனும் அவர்தம் தோழர்களும் 1971-ஆம் ஆண்டில் வானொலி அலைகளால் இணைத்தனர். அதன் பெயர் 'அலோகா வலை'. பல நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டன. செய்திகள் மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பின. இக்கருத்தைக் கம்பிக்குள் புகுத்தி 1973-இல் ஈதர்நெட்டை வகுத்தவர் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்து ராபர்ட் மெட்காஃப்.

ஈதர்நெட்டில் ஒருவர் பேசினால் அக்கம்பியிலுள்ளார் அனைவர்க்கும் கேட்கும். 1980-களில் கம்பிகளை இணைக்கும் பாலங்கள் தோன்றின. யார் எப்பக்கம் இருக்கிறார் என்பதை அவை தாமே கற்றுக்கொண்டு மடல்களைச் சேர்த்தன. ஆயினும் எல்லோருக்கும் பொதுவான அழைப்பை எல்லாப் பக்கமும் விட்டாக வேண்டும். வலை பெருகப் பெருகக் கூச்சலும் பெருகிற்று. கணக்கு அலுவலகமும் மாணவர் விடுதியும் ஒரே கூடத்தில் அமர்ந்து இரகசியம் பேசுவது எங்ஙனம்? தனித்தனிக் கம்பி இழுப்பதோ பெருஞ்செலவு.

பெல்கோர் ஆய்வுக்கூடத்து டேவிட் சின்கோஸ்கி கண்ட வழி எளியது: மடல்தோறும் ஓர் அடையாளச் சீட்டு. ஒரே சீட்டு உடையவர் ஒரு வலை. பிறர் கண்ணுக்கு அவ்வலையே இல்லை. இவற்றையே மெய்நிகர் வலைகள் என்கிறோம். 1998-இல் இது 802.1கியூ என்னும் பொது விதியாயிற்று. சீட்டின் நீளம் 4 பைட்டு. அதில் 12 பிட்டு வலையின் எண்ணுக்கு. இரண்டு எண்கள் ஒதுக்கப்பட்டமையால் 4094 வலைகள் ஒரே கம்பியில் செல்லலாம்.

தெருவுக்கு அப்பால் கம்பி இழுக்க இயலாத இடத்தில் இரு கூரைகளிலும் அலைவாங்கி நட்டு அமைப்பதே கம்பியில்லாப் பாலம். 1997-இல் வந்த 802.11 விதியில் சாதாரண மடலுக்கு மூன்று முகவரிகளே. கையிலுள்ள கணினிக்கு அது போதும். பாலமோ இடைத்தரகர்: எழுதியவர் வேறு, அலையில் அனுப்புவது வேறு, அலையில் பெறுவது வேறு, இறுதியில் படிப்பவர் வேறு. ஆகவே நான்கு முகவரிகள் வேண்டும். நான்காவதற்கு விதியில் இடம் இருந்தது, நடைமுறைதான் வகுக்கப்படவில்லை. ஒரு நிறுவனத்தின் பாலம் மற்றொன்றின் பாலத்தோடு பேச மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சீட்டைச் சுமப்பதில் அலைக்குத் தொல்லை இல்லை. சீட்டினால் ஈதர்நெட் மடலின் உச்ச நீளம் 1518 பைட்டிலிருந்து 1522 ஆனபோது பழைய கருவிகள் சில அதைத் தள்ளிவிட்டன; 802.11 மடலோ 2304 பைட்டு வரை உள்ளே ஏற்கும். சீட்டு மடலுக்குள்ளேயே பயணம் செய்ய, அக்கரைச் சுவிட்சு அதைப் படித்து உரிய வலையில் சேர்க்கும். சீட்டில்லாத மடல்களே வம்பு. அவை எவ்வலைக்கு உரியவை என்பதில் இரு கரையும் வேறுபட்டால், விடுதியின் மடல் கணக்கு அலுவலகத்தில் போய் இறங்கும். யாதொரு எச்சரிக்கையும் எழாமலே அது நிகழக்கூடும்.

சீட்டு பிரிக்குமேயன்றி மறைக்காது. கம்பிக்குச் சுவர் காவல்; காற்றுக்குச் சுவர் ஏது? 1997-இன் மறையீட்டு முறை வலுவற்றது என்று புளூரர், மான்டின், ஷமீர் மூவரும் 2001-இல் காட்டினர். 2004-இல் 802.11ஐ விதி வலிய மறையீட்டைத் தந்தது. அது மடலின் உள்ளடக்கத்தோடு சீட்டையும் மூடிவிடுகிறது. தெருவில் நின்று ஒட்டுக்கேட்பவனுக்கு நான்கு முகவரிகளும் தெரியும்; மடல் எவ்வலையினது என்பது தெரியாது.