வான்போர் ஓவியமும் இறப்பர்த் தோட்டமும்

ஓவியமும் வரலாற்றுச் சான்றுகளுள் ஒன்றாகும். ஆயின், அது காட்டுவது எது, காட்டாது விடுவது எது என இரண்டையும் ஆராய்வதே வரலாற்று மாணவர் கடன்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானிய விமானியாய் இத்தாலியப் போர்முனையிற் பறந்தவர் சிட்னி கார்லைன். பிரெந்தாப் பள்ளத்தாக்கின் மலையிடுக்கில் ஆஸ்திரிய விமானமொன்று அழிக்கப்பட்டதை அவர் 1918இல் தீட்டினார். அது விமானியின் கண் கண்ட போர். போல் நாஷ் 1941இல் வரைந்த ‘பிரித்தானியச் சமர்’ வேறு வகையினது. முந்திய ஆண்டில் பல நாள் நிகழ்ந்த மோதல்களை அவர் ஒரே வானில் தொகுத்தார். மேலே வெண்ணிறப் புகைத்தடங்கள். இடையே கரும்புகையுடன் வீழும் விமானம். கீழே கடலை நோக்கி வளைந்தோடும் ஆறு. இவ்விரு ஓவியங்களும் இலண்டன் இம்பீரியல் போர் நூதனசாலையில் உள்ளன.

இலங்கை வானும் இத்தகைய போரைக் கண்டதுண்டு. 1942 ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கப்பல்களினின்று எழுந்த யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் அவற்றை எதிர்த்தன. ஏப்பிரல் 9இல் திருகோணமலையும் தாக்குண்டது.

அவ்வாண்டு பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் யாவாவும் வீழ்ந்தது. அந்நாடுகளின் இறப்பரை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கையே இயற்கை இறப்பரின் தலையாய இடமாயிற்று. விமானம் ஓடுபாதையில் இறங்குதற்கு வேண்டிய டயருக்கும் இறப்பர் இன்றியமையாதது. மரம் தாங்கும் அளவினை மிஞ்சியும் பால் வெட்டப்பட்டது.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் விடியற்காலையிற் கத்தியும் வாளியும் ஏந்தி மலைச்சரிவேறினர். பட்டையைச் சாய்வாகச் சீவிச் சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்தனர். அமிலமிட்டு உறையவைத்த பால் உருளைகளில் தகடாகிப் புகைக்கூடத்தில் உலர்ந்தது. வான்போருக்கு இவ்வுழைப்பும் அடித்தளமாயிற்று.

கார்லைனும் நாஷும் தாம் கண்டதையும் கருதியதையும் வரைந்தனர். அது அவர்தம் குறையன்று. ஆயின், போரின் வரலாற்றைப் படத்தோடு முடித்துக்கொள்வது நம் குறையாகும். போர் முடிந்து மூன்றாண்டுகளில் வந்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சி நின்ற சிக்கலைத் தீர்க்க 2003இலும் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் அவர் ஆற்றிய பணி உரியவாறு எழுதப்படுதல் வேண்டும். ஓவியர் எழுதாது விட்ட நிலத்தை நிரப்புவது வரலாற்றாசிரியர் பொறுப்பேயாம்.