ஆப்பிரிக்க இலைவெட்டுக்கிளிகள்: இனங்காணலும் வகைப்பாடும்

டெட்டிகோனிடே குடும்பத்தைச் சேர்ந்த இலைவெட்டுக்கிளிகளை மயிரிழை போன்ற நீண்ட உணர்கொம்புகளைக் கொண்டே சாதாரண வெட்டுக்கிளிகளிலிருந்து பிரித்தறியலாம். காது முன்னங்காலில் இருக்கும். ஆணின் இடது முன்சிறகின் அடியில் பல்வரிசை கொண்ட அரம் ஒன்று உண்டு. அதை வலது சிறகில் உரசித்தான் அது பாடுகிறது.

ஆப்பிரிக்க இனங்களுக்குப் பெயர் சூட்டும் வேலை 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில்தான் நடந்தது. வியன்னாவில் புரூன்னர் ஃபான் வாட்டன்வில் 1878-இல் ஃபானெரோப்டெரிட் பிரிவுக்கும் 1895-இல் சூடோஃபில்லிட் பிரிவுக்கும் பெருநூல்கள் எழுதினார். பெர்லினில் ஃபெர்டினாண்ட் கார்ஷ் பல பேரினங்களை நிறுவினார். அவர்கள் கையில் இருந்தவை ஊசியில் குத்திய காய்ந்த உடல்கள். காய்ந்ததும் பச்சை மங்கிவிடும். பாட்டோ காட்டிலேயே நின்றுவிட்டது.

இதன் விளைவை உகாண்டாவில் ந்செனெனே எனப்படும் இலைவெட்டுக்கிளியில் பார்க்கலாம். மழைக்காலத்தில் விளக்கொளிக்குத் திரண்டு வரும் இதைப் பிடித்து, சிறகையும் காலையும் ஆய்ந்துவிட்டு வறுத்துத் தின்பார்கள். புகாண்டாவில் இதையே சின்னமாகக் கொண்ட ஒரு குலமும் உண்டு. ஒரே கூட்டத்தில் பச்சை, பழுப்பு, ஊதா படர்ந்தவை எல்லாம் கலந்திருக்கும். நிறத்தை நம்பினால் ஒரே கூடையிலிருந்து மூன்று இனங்களை எடுத்துவிடலாம்!

செர்வில் 1838-இலேயே டிஃபரென்ஸ் என்று பெயரிட்ட இப்பூச்சி, ஸ்கோபோலி 1786-இல் விவரித்த ஐரோப்பிய இனமான நிடிடுலாவோடு சேர்த்து, ஹோமோரோகோரிஃபஸ் பேரினத்தின் கீழ் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அப்பேரினப் பெயர் 1907-இல் வந்தது. ஷுல்தெஸ் 1898-இல் சூட்டிய ரஸ்போலியாவே மூத்தது என்பதால் அதுவே நிலைத்தது. 1893-இல் யானை தாக்கி இறந்த இத்தாலியப் பயணி எவுஜெனியோ ரஸ்போலியின் நினைவாக வைத்த பெயர் அது. ஆப்பிரிக்க ரஸ்போலியாக்களை 1975-இல் மறுஆய்வு செய்த பெய்லி, அடுத்த ஆண்டே உகாண்டா இனங்களைப் பாட்டு வகையால் பிரித்துக் காட்டினார். உருவத்தில் ஒத்துப்போகும் இனங்களுக்கிடையே பெண்பூச்சி தன் துணையை அறிவது பாட்டால்தான். ஆகவே பாட்டு நம்பகமான அடையாளம். ஆனாலும் 2000-க்குப் பிறகு வந்த சில உணவு ஆய்வுகளிலும் நிடிடுலா என்ற பெயர் தொடர்கிறது.

லண்டனில் டேவிட் ராக் 1980-இல் காதுத்துளை திறந்திருக்கும் ஆப்பிரிக்க ஃபானெரோப்டெரினேக்களைத் தொகுத்தார். ஆண்பூச்சியின் வால்முனை உறுப்புகளும் அரத்தின் பற்களும் இத்தகைய பகுப்பில் முக்கியச் சான்றுகள். கிளாடியா ஹெம்ப் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலேயே தங்கி உயிருள்ள பூச்சிகளை ஆராய்ந்தார். கிளிமஞ்சாரோவில் அவர் கண்ட, ஊதிய சிறகுடைய ஏரோடெக்மினா 2001-இல் புதுப் பேரினமாயிற்று. ஹெல்லரின் ஒலிப்பதிவும் வர்ஷலோவ்ஸ்கா-ஸ்லிவாவின் குரோமோசோம் ஆய்வும் இப்பணிக்குத் துணைநின்றன. பெயருக்குரிய சட்டச் சான்று மட்டும் இன்றும் பழைய ஊசிப் பூச்சியே. பதிவான பாட்டு அதனுடையதுதானா என்று அறிய, அது பிடிபட்ட இடத்துக்கே மீண்டும் போக வேண்டியிருக்கிறது. பழைய சீட்டுகள் பலவற்றில் அந்த இடம் வெறும் நாட்டுப் பெயராகவே இருக்கிறது.