டமாக்சிஃபென்

டமாக்சிஃபென், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் ஹார்மோன் எதிர்ப்பு மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் மட்டுமே இது பயன் தரும்.

ஈஸ்ட்ரோஜன் கண்டறியப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, நோய் முற்றிய பெண்ணின் சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்கலாம் என்று கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-இல் எழுதினார். அதன் காரணம் 1950-களின் இறுதியில்தான் துலங்கத் தொடங்கியது. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம் (ஏற்பி) சில திசுக்களில் இருப்பதைச் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் காட்டினார்.

டமாக்சிஃபென் இந்நோய்க்காகத் தேடப்பட்ட மருந்தன்று. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் 1962-இல் இதை உருவாக்கியபோது, ஆர்தர் வால்போலின் குழு கருத்தடை மாத்திரை தேடிக்கொண்டிருந்தது. எலிகளில் கருவைத் தடுத்த மருந்து, பெண்களில் கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டியது. கருத்தடை முயற்சி அத்தோடு முடிந்தது. 1971-இல் மான்செஸ்டரில் மார்பகப் புற்றுநோய் முற்றிய 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது 10 பேருக்குப் பலன் தெரிந்தது. பிரிட்டன் 1973-இலும் அமெரிக்கா 1977-இலும் அனுமதி அளித்தன. அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகள் உட்கொண்டால் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பின்னர் உறுதியானது.

எலிக்கும் பெண்ணுக்கும் இடையே தெரிந்த முரண்பாடு, ஒரே உடலின் உறுப்புகளுக்கு இடையிலும் உண்டு. கிரெய்க் ஜோர்டனின் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயமறக் காட்டியது. ஒரே சுண்டெலியில் மனித மார்பகக் கட்டியையும் கருப்பைக் கட்டியையும் பதியமிட்டு டமாக்சிஃபென் கொடுத்தார்கள். மார்பகக் கட்டி அடங்கியது. கருப்பைக் கட்டி வளர்ந்தது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனை மறிக்கும் மருந்து, கருப்பையிலும் எலும்பிலும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. மாதவிடாய் நின்றவர்களின் எலும்பை அது காப்பதும் இந்தக் குணத்தால்தான். ஆகவே கருப்பை ஆபத்தைத் தற்செயலான பக்கவிளைவு என ஒதுக்கிவிட முடியாது.

நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய் 49 விழுக்காடு குறைந்தது. கருப்பை உட்படலப் புற்றுநோய் சுமார் இரண்டரை மடங்கானது. கால் சிரைகளிலும் நுரையீரலிலும் ரத்த உறைவும் கூடியது. இந்தத் தீங்குகள் பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே காணப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1996-இலேயே டமாக்சிஃபெனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருந்தது. இதே மருந்து அந்நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டும் சரியே.

ஐந்தாண்டு போதுமா என்ற கேள்விக்கு 'அட்லஸ்' ஆய்வு பதில் தந்தது. பத்தாண்டு தொடர்ந்தவர்களில், ஐந்தாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 15-இலிருந்து 12.2 விழுக்காடாகக் குறைந்தது. கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 1.6-இலிருந்து 3.1 விழுக்காடாக உயர்ந்தது. வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் தினம் 5 மில்லிகிராம் மட்டும் கொடுத்த இத்தாலிய ஆய்வில், ஆரம்பநிலை மாற்றங்கள் உள்ள பெண்களுக்கு நோய் திரும்புவது பாதியானது. கடும் பக்கவிளைவுகள் கூடவில்லை.

மாதவிடாய் நின்ற பின் இம்மருந்தை உட்கொள்ளும் பெண்கள், சிறிதளவு ரத்தப்போக்கு கண்டாலும் தாமதிக்காமல் மகளிர் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.