வாய் திறவாத நோய்

"நலமா?" என்று கேட்கிறோம், "நலமே" என்று விடை வருகிறது. அவ்விடைகளை ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்து, நாட்டின் நலம் இதுவே என முரசறைந்திடலாமா? கூடாது என்கிறது வரலாறு. அதுவும் கண்ணீரால் எழுதப்பட்ட வரலாறு!

1943-இல் வங்கம் பசியால் வாடிற்று. நெல் விளைவித்த கைகள் கல்கத்தா வீதிகளில் கஞ்சிக்கு ஏந்தின, ஏந்தியபடியே ஓய்ந்தன. அடுத்த ஆண்டில், அனைத்திந்தியச் சுகாதார ஆராய்ச்சிக் கழகத்தார், கல்கத்தாவை அடுத்த சிங்கூர் பகுதியில் மக்களின் உடல்நிலையை விசாரித்தனர். மனைவியை இழந்த ஆடவருள் 48.5 விழுக்காட்டினர், தாம் நோயுற்றோம் அல்லது நலங்குன்றினோம் என்றனர். கணவனை இழந்த பெண்டிருள் அவ்வாறு சொன்னவர் எத்துணைப் பேர்? 2.5 விழுக்காட்டினரே!

பஞ்சம் பெண்ணுக்கு மட்டும் பரிவு காட்டிற்றா? கைம்பெண்ணின் மறுமணத்துக்கு 1856-இலேயே சட்டம் வந்தது. ஆயினும் வங்கத்து மேற்சாதிக் குடும்பங்களில் அவளுக்கு மீன் ஆகாது, ஏகாதசியன்று உணவு ஆகாது என்ற கட்டுகள் தளரவில்லை. வாடுவதே வாழ்வு என்று பழக்கப்பட்டவள், வாட்டத்தை நோயென்று எங்ஙனம் உரைப்பாள்? இக்கணக்கை எடுத்துக்காட்டிய பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 2002-இல் மற்றொரு முரணையும் விளக்கினார். இந்திய மாநிலங்களுள் நீண்ட ஆயுள் கண்ட கேரளத்தில் நோயுண்டு என்போர் மிகுதி. ஆயுள் குறைந்த பீகாரில் அவ்வாறு கூறுவோர் குறைவு! அமெரிக்கரோ கேரளத்தாரினும் மிகுதியாகத் தம் நோயைச் சொல்லினர். காரணம் என்ன? கல்வியும் மருத்துவமனையும் உள்ள இடத்தில் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. அவை இல்லாத இடத்தில் அது விதியென்று பெயர் பெறுகிறது.

குருதிக் கொதிப்பும் நீரிழிவும் பல ஆண்டுகள் ஓசையின்றி உடலை அரிப்பவை. "உமக்குக் கொதிப்பு உண்டென்று மருத்துவர் சொன்னாரா?" என்று கேட்டால், மருத்துவரையே காணாதவன் "இல்லை" என்றுதான் சொல்வான். அவன் பொய்யன் அல்லன், புறக்கணிக்கப்பட்டவன். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கைப்பட்டையால் குருதியழுத்தத்தை அளக்க வழி கண்டார். 1905-இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ், குழாய் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையைத் தந்தார். அமெரிக்கர் 1957-இல் வீடுவீடாக நோயை வினவத் தொடங்கினர். வினா மட்டும் போதாதென்று 1959-இல் உடலைச் சோதித்து அளக்கவும் தொடங்கினர். நம் நாட்டிலும் 2015-16-இன் தேசியக் குடும்பநல ஆய்வு, வீடு தேடிச் சென்று குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்தது.

அப்படியாயின் மக்கள் சொல்லைத் தள்ளிவிடலாமா? அதுவும் தவறே! வலியை அறியும் கருவி வாய்ச்சொல்லன்றி வேறில்லை. ஆனால் "நோயில்லை" என்ற சொல்லைக் கேட்டு ஆட்சியாளர் மகிழுமுன், அவ்வூரில் பள்ளி உண்டா, மருத்துவர் உண்டா, பெண்ணுக்குத் தன் துயரைச் சொல்லும் உரிமை உண்டா என நாம் கேட்போம். குறையில்லை என்பவரெல்லாம் குறையற்றவர் அல்லர். குறையைக் குறையென அறியும் வாய்ப்பு மறுக்கப்பட்டவரும் அவருள் உளர்.