கதைக்கு ஊர் உண்டா? ஜெர்மன் தேவதைக் கதைத் தலங்களும் கதைசொல்லிகளின் இடமும்

முன்னுரை

ஜெர்மனியின் ஹனாவ் நகரில் தொடங்கி வடக்கே பிரேமன் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளும் ‘ஜெர்மன் தேவதைக் கதைச் சாலை’ 1975இல் உருவாக்கப்பட்டது. கிரிம் சகோதரர்கள் வாழ்ந்த ஊர்களையும், அவர்கள் தொகுத்த கதைகளோடு சேர்த்துப் பேசப்படும் கோட்டைகளையும் காடுகளையும் ஒரே தடத்தில் இணைக்கும் சுற்றுலா வழி அது. தூங்கும் அழகி உறங்கிய கோட்டை, ரப்புன்ஸல் கூந்தலை இறக்கிய கோபுரம், சிவப்புக் குல்லாச் சிறுமியின் ஊர் என்று வழி நெடுகிலும் கதாபாத்திரங்களின் பெயர்கள் இடங்களின் மேல் படிந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் வணிகக் கற்பனை என்று தள்ளிவிடுவது எளிது; அப்படியே நம்பிவிடுவது அதைவிட எளிது. இரண்டுமே பிழையான பார்வை. அந்தச் சாலையில் மூவகை இடங்கள் கலந்து கிடக்கின்றன. கிரிம் சகோதரர்களும் அவர்களுக்குக் கதை சொன்னவர்களும் வாழ்ந்த இடங்கள் முதல் வகை. குறிப்பிட்ட மண்ணோடு பிறந்து அதே மண்ணில் வழங்கும் பழமரபுக் கதைகளின் இடங்கள் இரண்டாம் வகை. ஊரற்ற கதைக்குப் பிற்காலத்தார் சூட்டிய இடங்கள் மூன்றாம் வகை. இவற்றைப் பிரித்தறிந்தால் ஒன்று தெளிவாகும்: தேவதைக் கதைக்கு ஊர் இல்லை, அதைச் சொன்னவருக்கு ஊர் உண்டு. கதாபாத்திரத்தின் வீட்டைத் தேடும் பயணத்தைவிடக் கதைசொல்லியின் வீட்டைத் தேடும் பயணமே கதையை நெருங்கும் வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. மண்ணில் வேரூன்றிய கதைகள்

இந்தப் பகுப்புக்கு அடிப்படை வகுத்தவர்கள் யாக்கோப் கிரிம்மும் வில்ஹெல்ம் கிரிம்மும்தாம். 1816இலும் 1818இலும் இரு பாகங்களாக வெளிவந்த ஜெர்மன் பழமரபுக் கதைத் தொகுப்பின் முன்னுரையில், தேவதைக் கதை கவிதைக்கு நெருக்கமானது, பழமரபுக் கதை வரலாற்றுக்கு நெருக்கமானது என்று அவர்கள் வேறுபடுத்தினர். பின்னது ஓர் இடத்தையோ வரலாற்றில் வந்த ஒரு பெயரையோ பற்றிக்கொண்டு நிற்பது. முன்னது எங்கும் நடக்கக்கூடியது.

வேஸர் ஆற்றங்கரையில் உள்ள ஹாமெல்ன் பழமரபுக் கதைக்குச் சிறந்த சான்று. பலவண்ண உடையணிந்த குழலூதியின் பின்னே ஊர்ப் பிள்ளைகள் போய்த் திரும்பாத கதை அவ்வூருக்கு உரியது. அங்கே ‘எலிபிடிப்பவர் வீடு’ என்று வழங்கும் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கட்டடத்தின் பக்கச் சுவரில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1284ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், 130 பிள்ளைகள், குழலூதி, கோப்பன் என்னும் குன்று ஆகிய விவரங்கள் அதில் உள்ளன. எலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது தற்செயல் அன்று. எலிகள் இக்கதைக்குள் நுழைவது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்திய பதிவுகள் பிள்ளைகள் காணாமற் போனதை மட்டுமே சொல்கின்றன. கிழக்கு நிலங்களில் குடியேற்ற ஆள் திரட்டிச் சென்றவர்களின் நினைவே கதையாயிற்று என்பது ஆய்வாளர் பலர் முன்வைக்கும் விளக்கம். அந்த வீட்டை ஒட்டிச் செல்லும் குறுந்தெருவில் இன்றும் இசை எழுப்புவதில்லை. திருமண ஊர்வலமே வந்தாலும் அங்கே வாத்தியம் நின்றுவிடும். பிள்ளைகள் அவ்வழியாகத்தான் போனார்கள் என்பது ஊரார் மரபு.

காஸ்ஸலுக்குக் கிழக்கே மைஸ்னர் மலையில் உள்ள ஃபிராவ் ஹோலே குளமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஹோலே தன் இறகு மெத்தையை உதறினால் உலகில் பனி பொழியும் என்பது ஹெஸ்ஸன் மக்கள் வழக்கு. குளத்தைப் பற்றிய மரபைக் கிரிம் சகோதரர்கள் தங்கள் பழமரபுக் கதைத் தொகுப்பில் தனியாகப் பதிந்தார்கள். அதே ஹோலே தேவதைக் கதைத் தொகுப்பில் வரும்போது மலையின் பெயரும் குளத்தின் பெயரும் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு சிறுமி கிணற்றில் குதிக்கிறாள், அவ்வளவுதான். ஒரே தெய்வ உரு இரண்டு வகைமைகளில் எப்படி இடத்தைப் பற்றியும் விட்டும் நிற்கிறது என்பதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

2. பின்னர் வந்த முகவரிகள்

மூன்றாம் வகை இடங்களே சாலையின் புகழுக்குக் காரணம். ரைன்ஹார்ட்ஸ் காட்டில் உள்ள ஸாபாபுர்க் கோட்டை தூங்கும் அழகியின் கோட்டை என்று பேர்பெற்றது. 1334இல் மைன்ஸ் பேராயம் அதைக் கட்டியது. கோட்ஸ்பியூரன் திருத்தலத்துக்கு வந்த யாத்திரிகர்களைக் காப்பது அதன் பணி. பின்னர் அது ஹெஸ்ஸன் ஆட்சியாளர்களின் வேட்டை மாளிகையாயிற்று. 1571இல் அதனருகே விலங்குக் காப்பகம் அமைந்தது. காப்பகத்தைச் சுற்றி வளர்த்த முள்வேலியும், பிற்காலத்தில் பாழடைந்து மரங்களுக்கிடையே நின்ற கோட்டையும் பார்த்தவர்களுக்குக் கதை நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் கதை அந்தக் காட்டில் பிறக்கவில்லை. 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ அதை அச்சிட்டார். அதற்கும் முன்னதாக, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நேப்பிள்ஸ் நகரத்து ஜாம்பத்திஸ்தா பஸீலே எழுதிய தொகுப்பில் அதன் உறவுக் கதை ஒன்று இருக்கிறது.

டிரெண்டல்புர்க் கோபுரம் ரப்புன்ஸலுக்கு உரியதானதும் இப்படித்தான். கிரிம் சகோதரர்களுக்கு அக்கதை 1790இல் ஃபிரீட்ரிக் ஷுல்ஸ் வெளியிட்ட நூலிலிருந்து கிடைத்தது. ஷுல்ஸுக்கு முன்னோடி 1698இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் பெண் எழுத்தாளரின் கதை. அதாவது அக்கதை கோபுரத்திலிருந்து இறங்கி வரவில்லை. புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவி வந்தது. ஆல்ஸ்ஃபெல்டைச் சிவப்புக் குல்லாச் சிறுமியோடு இணைப்பதற்கு அருகிலுள்ள ஷ்வால்ம் பகுதியின் மரபுடை காரணம். அங்கே மணமாகாத இளம்பெண்கள் சிவப்பு நிறத்தில் சிறு குல்லா அணிந்துவந்தார்கள். பெரோவின் கதையிலேயே சிவப்புத் தலையணி வந்துவிடுவதால் இந்த இணைப்பும் தளர்கிறது.

ஸ்னோ ஒயிட்டுக்கு உரிமை கோரும் இரண்டு ஊர்களின் நிலை இன்னும் நுணுகிப் பார்க்கத் தக்கது. பாவேரியாவின் லோர் நகரம் 1725இல் பிறந்த மரியா ஸோஃபியா ஃபொன் எர்தாலை முன்னிறுத்துகிறது. அந்நகரில் புகழ்பெற்ற கண்ணாடி ஆலை இருந்தது துணைச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஹெஸ்ஸனின் பெர்க்ஃப்ரைஹைட் கிராமம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வால்டெக் பிரபுக் குடும்பத்து மார்கரேத்தாவை முன்னிறுத்துகிறது. அங்கிருந்த செம்புச் சுரங்கத்தில் உழைத்த சிறுவர்களே குள்ளர்கள் ஆனார்கள் என்பது விளக்கம். இரு வாதங்களுக்கும் பொதுவான தூண் ஒன்று உண்டு: இரு பெண்களுக்கும் மாற்றாந்தாய் இருந்தாள். ஆனால் கிரிம் தேவதைக் கதைத் தொகுப்பின் 1812ஆம் ஆண்டு முதற்பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1810ஆம் ஆண்டின் கையெழுத்துப் படியிலும் அப்படியே. மாற்றாந்தாய் வருவது 1819ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில்தான். தாய்மையின் புனிதத்துக்கு ஊறு நேராதபடி செய்யப்பட்ட திருத்தம் அது என்றே ஆய்வுலகம் பொதுவாகக் கருதுகிறது. திருத்தத்தில் தோன்றிய ஒருத்தியை 16ஆம், 18ஆம் நூற்றாண்டுகளின் அரண்மனைகளில் தேடுவது முறையாகாது.

3. 1975: ஓர் ஆண்டின் மூன்று நிகழ்வுகள்

சாலை உருவான அதே 1975இல் இன்னும் இரண்டு நடந்தன. ஐரோப்பியக் கட்டடப் பாரம்பரிய ஆண்டாகிய அவ்வாண்டில், மரச்சட்ட வீடுகளைப் பேணியதற்காக ஆல்ஸ்ஃபெல்ட் முன்மாதிரி நகரங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆய்வறிஞர் ஹைன்ஸ் ரோல்லெக்கே, கிரிம் தொகுப்பைப் பற்றிய ஒரு நெடுங்கால நம்பிக்கையைத் தகர்த்த கட்டுரையை வெளியிட்டார்.

அந்த நம்பிக்கை இது. தொகுப்பின் பல கதைகளுக்கு எதிரே ‘மாரி’ என்ற பெயரைச் சகோதரர்கள் குறித்து வைத்திருந்தார்கள். வில்ஹெல்மின் மகன் ஹெர்மன் கிரிம், அவள் காஸ்ஸலில் வில்ட் குடும்பத்தின் மருந்துக்கடை வீட்டில் பணியாற்றிய முதிய பெண் என்று எழுதினார். கலப்பற்ற ஹெஸ்ஸன் நாட்டுப்புறத்துக் கிழவி ஒருத்தியின் குரல் நூலில் ஒலிப்பதாக அறிஞர்கள் நம்பினர். அந்த மாரி உண்மையில் மாரி ஹாஸன்ஃப்ளூக் என்று ரோல்லெக்கே நிறுவினார். இருபது வயதையொட்டிய, கற்ற, மேல்மட்டக் குடும்பத்துப் பெண். தாய்வழியில் பிரான்சிலிருந்து வெளியேறிய ஹியூகனோட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) மரபினள். தூங்கும் அழகியும் சிவப்புக் குல்லாச் சிறுமியும் ஏன் பெரோவின் கதைகளை ஒத்திருக்கின்றன என்பதற்கு விடை அந்தக் குடும்பத்தில் இருந்தது. அதே வீட்டாரிடம் கேட்ட ‘பூட்ஸ் அணிந்த பூனை’யைப் பெரோவின் சாயல் மிகுதி என்று சகோதரர்களே 1819இல் நீக்கிவிட்டனர்.

ஆய்வு, கதைகளை வட்டார மண்ணிலிருந்து விடுவித்த ஆண்டில் சுற்றுலா அவற்றை வட்டார மண்ணில் நட்டது. இதற்குப் போரும் ஒரு காரணம். 1943 அக்டோபர் வான்தாக்குதலில் காஸ்ஸலின் பழைய நகரம் எரிந்தது. வில்ட் குடும்பத்தின் மருந்துக்கடையும் சகோதரர்கள் வாழ்ந்த மார்க்ட்காஸ தெருவும் அழிந்தன. 1945 மார்ச்சில் ஹனாவில் அவர்கள் பிறந்த வீடும் போயிற்று. கதைகள் சொல்லப்பட்ட நகரத்தில் பழமையின் தோற்றம் மிஞ்சவில்லை. தோற்றம் மிஞ்சிய ஊர்களுக்குக் கதைகள் இடம்பெயர்ந்தன.

4. காஸ்ஸல்: சொன்னவர்களின் நகரம்

காஸ்ஸலுக்குத் தெற்கே, இன்றைய பவுனாட்டால் எல்லையில், க்னால்ஹ்யூட்டே என்ற விடுதி இருக்கிறது. 1755இல் அங்கே விடுதிக்காரர் மகளாகப் பிறந்தவர் டோரொதெயா ஃபீமான். வண்டிக்காரர்களும் படைவீரர்களும் வணிகர்களும் தங்கிச் சென்ற நெடுஞ்சாலை விடுதி அது; சிறுமி டோரொதெயா கேட்ட கதைகள் பல திசைகளிலிருந்து வந்தவை. பின்னர் தையற்காரர் ஒருவரை மணந்து நீடர்ஸ்வேரன் கிராமத்தில் குடியேறினார். தோட்டக் காய்கறிகளைக் காஸ்ஸலுக்குக் கொண்டுவந்து விற்றபோது, 1813 முதல் கிரிம் வீட்டுக்கு வந்து கதை சொன்னார். 1815இல் வெளிவந்த இரண்டாம் பாகம் அவருக்குப் பெரிதும் கடன்பட்டது. ‘வாத்து மேய்க்கும் பெண்’ அவர் சொன்னதே. முதலில் இயல்பாகச் சொல்வார். கேட்டால் மீண்டும் மெதுவாக, எழுதிக்கொள்ளும் வேகத்தில் சொல்வார். சொல்லில் பிசகு நேர்ந்தால் உடனே தாமே திருத்துவார் என்று சகோதரர்கள் முன்னுரையில் பதிந்திருக்கிறார்கள். இளைய சகோதரர் லுட்விக் எமில் கிரிம் வரைந்த அவருடைய உருவம் 1819 பதிப்பில் இடம்பெற்றது. ஆயினும் முன்னுரை அவரை ஓர் உழவர் குலப் பெண்ணாகவே காட்டிற்று. விடுதியும், தையற்காரக் குடும்பமும், தந்தைவழி ஹியூகனோட் மரபும் பேசப்படவில்லை.

அந்த இரண்டாம் பதிப்பு உருவான வீடு இன்றும் இருக்கிறது. காஸ்ஸலின் வில்ஹெல்ம்ஸ்ஹோஹர் வாயிலில் உள்ள வடக்குக் காவல்மனையில் 1814 முதல் 1822 வரை சகோதரர்கள் வாழ்ந்தார்கள். ஸ்னோ ஒயிட்டின் தாய் மாற்றாந்தாயானது, பூட்ஸ் பூனை வெளியேறியது, ‘பிரேமன் நகர இசைஞர்கள்’ உள்ளே வந்தது, ஃபீமானின் உருவம் நூலில் ஏறியது ஆகிய அனைத்தும் அக்காலத்து வேலைகள். கோபுரமோ முட்புதரோ இல்லாத எளிய கல் கட்டடம். ஆனால் கதைகளின் வடிவில் இந்தப் பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தது அங்கேதான். சகோதரர்கள் தம் கைப்பட ஓரக்குறிப்புகள் எழுதிய 1812, 1815 பதிப்புகளின் சொந்தப் படிகள் காஸ்ஸலில் பேணப்படுகின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. ஒரு கதையை யார், எப்போது சொன்னார் என்ற குறிப்பு அந்த ஓரங்களில் இருக்கிறது. தேவதைக் கதையின் முகவரி என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

5. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இட்டுக்கட்டிய இடமும் காலப்போக்கில் மரபாகிவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஹாமெல்ன் கதையிலேயே எலிகள் பின்னால் சேர்ந்தவை. பிரேமனில் நகர மன்றத்தின் அருகே நிற்கும் கழுதை, நாய், பூனை, சேவல் சிலை 1953இல் கெர்ஹார்ட் மார்க்ஸ் வடித்தது. கதையில் அந்த விலங்குகள் பிரேமனுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. வழியில் கொள்ளையரின் வீட்டைப் பிடித்து அங்கேயே தங்கிவிடுகின்றன. முதுமையில் கைவிடப்பட்டவர்களுக்குப் புகலிடமாக ஒரு நகரம் தன்னைக் கருதிக்கொள்வது அழகிய செயல். அச்சிலை யாரையும் ஏமாற்றவில்லை.

எனவே பின்வந்த அடுக்கு குற்றமாகாது. அடுக்கின் காலத்தை மறைப்பதே குற்றம். ஸாபாபுர்க் வாசலில் 1334, 1571, 1697, 1812 ஆகிய நான்கு ஆண்டுகளையும் அவற்றின் பொருளையும் எழுதிவைத்தால் கோட்டையின் கவர்ச்சி குறையாது. நேப்பிள்ஸிலிருந்து பாரிஸ் வழியாக ஒரு ஹியூகனோட் குடும்பத்தின் நாவில் ஏறிக் காஸ்ஸலுக்கு வந்த கதை, ஒரே காட்டில் முளைத்த கதையைவிட வியப்பானது.

முடிவுரை

கதாபாத்திரங்களின் பெயரால் வரைந்த நிலப்படத்தில் மாரி ஹாஸன்ஃப்ளூக்கும், டோரொதெயா ஃபீமானும், பின்னாளில் வில்ஹெல்மின் மனைவியான டோர்ட்ஷன் வில்ட்டும் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். வாழ்ந்திராத இளவரசிகளுக்குக் கோட்டைகள் கிடைக்கின்றன. வாழ்ந்த பெண்களின் உழைப்பு அந்நிழலில் மங்குகிறது. ‘கிரிம் கதைகள்’ என்று இரண்டு ஆண்களின் பெயரால் உலகம் அறிந்த நூலின் பெரும்பகுதி பெண்கள் நினைவில் வைத்திருந்து சொன்னது. ஆகவே இவ்வழியே செல்பவர் காஸ்ஸலில் பயணத்தைத் தொடங்க வேண்டும். க்னால்ஹ்யூட்டேயையும் வடக்குக் காவல்மனையையும் முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகு கோட்டைகளுக்குப் போகலாம். சாலையை நடத்துவோர் கதாபாத்திரத்தின் பெயருக்கு அருகே கதைசொல்லியின் பெயரையும் கதை வந்த வழியையும் பலகையில் எழுத வேண்டும். அது அறிவுக்கு நேர்மை. அந்தப் பெண்களுக்கு இருநூறு ஆண்டுகளாக நாம் செலுத்தத் தவறிய நன்றியும் ஆகும்.