வைட், ரங்கையா, கோவிந்து: தென்னிந்தியத் தாவரவியலின் ஒரு பழைய கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை அகன்று வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. ஆனைமலை கிழக்கே பழனி மலையோடும் தெற்கே இடுக்கியின் ஏலமலையோடும் இணைகிறது. இந்த மலைகளின் தாவரங்களைப் பற்றி எழுதுவோர் எவரும் ராபர்ட் வைட் என்ற பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது.

ஸ்காட்லாந்தில் 1796இல் பிறந்த வைட், எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1826இல் அரசு இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பதவி ஒழிக்கப்பட்டது. நாகப்பட்டினத்து மருத்துவராக மாற்றப்பட்ட பின்னரும் தாவரங்களைச் சேகரிப்பதை அவர் நிறுத்தவில்லை. 1831இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது ஏறத்தாழ 1,00,000 உலர்மாதிரிகளைக் கொண்டுசென்றார். அவற்றைக் கொண்டு வாக்கர்-ஆர்னட்டுடன் சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. லின்னேயசின் மகரந்தத்தாள் எண்ணிக்கை முறையை விடுத்து, இயல்பு உறவுகளின் அடிப்படையில் குடும்பம் குடும்பமாகத் தாவரங்களை அடுக்கிய நூல் அது. இரண்டாம் தொகுதி வரவேயில்லை.

1836இல் வைட் பழனி மலை ஏறினார். அப்பயணம் பற்றி அவர் எழுதிய கட்டுரை மறு ஆண்டு சென்னையின் இலக்கிய அறிவியல் இதழில் வெளியானது. கொடைக்கானல் என்ற ஊர் உருவாகாத காலம் அது. 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசுப் பண்ணைகள் அவர் பொறுப்பில் இருந்தன. மான்செஸ்டர் ஆலைகள் கேட்ட நீள இழைப் பருத்தியை இங்கே விளைவிப்பதே நோக்கம். அரசு எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆயினும் கோயம்புத்தூரில் இருந்ததால் கணவாய்ப் பகுதி அவருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. பருத்தி வரலாற்றில் அந்தப் பதினோரு ஆண்டுகள் தோல்விக் கணக்கு. தாவரவியலில் அவையே பெருவிளைச்சல்.

அந்த விளைச்சலின் பெயர் ‘ஐகோன்ஸ்’. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, 2101 கல்லச்சுப் படங்களோடு வந்த நூல். அதன் குறிப்புகளில் வரும் ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் மொழியியல் மாணவர்களுக்குச் சுவையானது. பழனி ‘புல்னி’ எனவும், போளுவாம்பட்டி ‘போலம்புட்டி’ எனவும் படிக்கத்தக்க வகையில் எழுதப்பட்டுள்ளன. அகரக் குறிலை ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்தால் குறிப்பது அக்கால வழக்கம். ஓவியர் ரங்கையாவின் பெயரை ‘ருங்கையா’ போலத் தோன்றச் செய்ததும் அதே வழக்கமே. இதை அறியாமல் படித்தால் ஊரும் தவறும், ஆளும் தவறும்.

இது எழுத்துக்கூட்டல் பற்றிய சிறு வேடிக்கையாக முடிவதில்லை. வைட் தந்த மாதிரிகளின் பிரதிகளைக் கியூ தாவரவியல் தோட்டம் 1866-67இல் உலகின் பல காப்பகங்களுக்கு அனுப்பியது. அவற்றில் ஒட்டப்பட்ட அச்சுச் சீட்டில் இடம் ‘இந்தியத் தீபகற்பம்’ என்று மட்டுமே இருந்தது. ஆனைமலைச் சோலைச் செடியும் தஞ்சாவூர் வரப்புச் செடியும் ஒரே முகவரி பெற்றன. ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரி எங்கே பறிக்கப்பட்டது என்று இன்று தேடும் ஆய்வாளர், அந்தச் சீட்டில் விடை காணாமல், ‘ஐகோன்ஸ்’ நூலின் சிதைந்த ஊர்ப்பெயர்களிடமே திரும்பி வரவேண்டியுள்ளது. அருகிவரும் ஓரினம் முன்பு எந்தக் காட்டில் இருந்தது என்ற கேள்விக்கும் பல வேளைகளில் அவையே தொடக்கம்.

வைட் கைப்பட வரையவில்லை. 1845 வரை ரங்கையாவும், அதன்பின் கோவிந்துவும் அவருக்காக வரைந்தனர். பெயர்களின் வடிவத்தைக் கொண்டு இருவரும் தெலுங்கு பேசியவர்கள் எனக் கருதப்படுகிறது. சூலகத்தை அரிந்து, பெரிதாக்கி, விதை ஒட்டியிருக்கும் முறைவரை காட்டும் அவர்களது படங்களை வெறும் ‘அலங்காரம்’ என்பது நேர்மையாகாது. விளக்கவுரை ஐயத்துக்கு இடம்தரும் இடங்களில் இனத்தை உறுதிசெய்வது படம்தான். ஆனால் ‘வைட்டின் படங்கள்’ என்றே பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறோம். மலையேறிச் செடி பறித்துவந்த உள்ளூர்ச் சேகரிப்பாளர்களுக்கு அந்த அளவு இடமும் இல்லை.

வைட் இவ்வகையில் தம் காலத்தவர் பலரைவிடத் தாராளமானவர். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்துவியா’ என்று பெயரிட்டார். அச்செடி ‘டிரோபிடியா’ பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னர் முடிவானதால், அப்பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் ஒதுங்கிவிட்டது. ரங்கையாவின் பெயரில் ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ் 1832இல் அமைத்த ‘ருங்கியா’, ஆடாதோடைக் குடும்பத்தில் இன்றும் வழங்குகிறது. அப்பேரினத்தைச் சேர்ந்த சில சிறு பூண்டுகள் தமிழகத்திலும் கேரளத்திலும் வழியோரங்களில் சாதாரணமாக முளைப்பவை.

வைட் 1853இல் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பி 1872இல் மறைந்தார். எடின்பரோ தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி நோல்ட்டி 2007இல் அவரைப் பற்றி மூன்று நூல்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று முழுவதும் ரங்கையா, கோவிந்து இருவரின் ஓவியங்களுக்கு உரியது. அவர்களின் பெயர்கள் அதன் தலைப்பிலேயே உள்ளன.