தறிமேடையும் அடுப்படியும்

தேவிகாபுரத்துப் பட்டுத்தறி வீடுகளில் அறுந்த ஜரிகையை யாரும் பெருக்கித் தள்ளமாட்டார்கள். அசல் ஜரிகை, பட்டிழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. விரல் நீளத் துண்டும் தனி டப்பாவுக்குப் போகும். நிறைந்தால் எடைக்கு விலை. வாங்கியவர் எரித்து வெள்ளியைப் பிரிப்பார். பட்டுச் சிக்கு வேறொரு பையில். சேலையின் நீளவாட்டு இழைகளான பாவு தீர்ந்தாலும் அதன் கடைசி இழைகளை, அவை கோத்திருக்கும் விழுதிலிருந்தும் அச்சிலிருந்தும் உருவுவதில்லை. புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிப் பிணைப்பார்கள். விழுதிலும் அச்சிலும் மறுபடி கோக்கும் வேலை மிச்சம். பழைய பட்டுச்சேலைக்கு விலை கேட்டுத் தெருவில் வருபவரும் ஜரிகையில் உள்ள வெள்ளிக்காகத்தான் வருகிறார்.

அடுப்படிக்கு வந்தால், நம் ஊர்களில் பெரும்பாலும் காய்த்தோல், பால் கவர், எண்ணெய் பாக்கெட், பேட்டரி எல்லாம் ஒரே பையில். தரம் பிரித்துக் கொடுக்க வேண்டுமெனத் திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. தூய்மைக் காவலர் வண்டி தள்ளி வந்து, நாம் கலந்ததைக் கையால் பிரிக்கிறார். இது நாம் அவருக்குச் செய்யும் அநியாயம். ஊறிப்போன காகிதத்தைக் காயலான் கடையில் எடுக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் கலந்த எருவை உழவர் நிலத்தில் போடமாட்டார். ஜரிகைத் துண்டைக் குழம்பில் போட்டுக் கலக்கினால் அதற்கும் இதே கதிதான்.

நெய்பவர் கைக்குப் பிரிக்கத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஜரிகைக் காசு அதே வீட்டுக்குத் திரும்புகிறது. குப்பையின் பலனோ ஊருக்குப் போகிறது: அடைக்காத கால்வாய், புகையில்லாத தெரு, வயலுக்கு எரு. எல்லோருக்கும் உரிய பலன் என்பதால் யாருக்கும் தன்னுடையதாகப் படுவதில்லை.

அந்தப் பலனைக் கண்ணில் காட்டிய ஊர் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. காங்கேயநல்லூரில், 2000ஆம் ஆண்டையொட்டி, வேலூரைச் சேர்ந்த சீனிவாசன் என்பவர் வீட்டுக் குப்பையை அன்றன்றே பிரித்து வாங்கும் முறையைத் தொடங்கினார். காய்கறிக் கழிவு மாட்டுக்குத் தீனி, சாணம் எரு. கவரும் பாட்டிலும் கழுவி, வகைபிரித்து விற்பனைக்கு. சேகரித்தவர்களுக்கு அதிலேயே வேலை கிடைத்தது.

தறி வீட்டிலும் ஒரு குறை உண்டு. பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீருக்கு டப்பா இல்லை. வடிகாலில் விட்டால் அது நேரே மண்ணுக்குத்தான் போகிறது. அதைச் சரிசெய்வதைவிட அடுப்படியில் தொடங்குவது எளிது. பால் கவரைக் கழுவிக் காயவைக்க, ஜரிகை டப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியும் பையும் போதும்.